கொம்பு வச்ச பாவ்

பாதி எடுத்துக்குங்க தங்கச்சி. கூச்சப்படாதீங்க. முழுசையும் நான் தின்னா ஆஸ்பத்திரியில நர்ஸம்மா திட்டும். மத்தியானம் எனக்குக் கண்ணு ஆபரேசன், வயித்த லேசா வச்சுக்கச் சொல்லியிருக்காங்க. உள்ள ஆட்டுக்கறி பெரட்டல்தான், பயப்படுற மாதிரி ஒன்னுமில்ல.

ஆமா, அது கொம்புதான். மாவுலயே பிடிச்சு வச்சது. கடையில இப்படிக் கிடைக்காது. பாவ்னா தெரியுமில்ல? சீனர் ஆவியில வேக வைக்கிற பன்னு. இட்லிக்குள்ள கறி வச்ச மாதிரின்னு வச்சுக்குங்களேன். இது கோயில் பாவ். எங்க முனீஸ்வரர் கோயில்ல வெள்ளிக்கு வெள்ளி குடுக்குறது.

சிரிங்க, சிரிங்க. ஊர்லேர்ந்து வந்தவங்க எல்லாரும் இதக் கேட்டா சிரிக்கத்தான் செய்றாங்க. உங்க பக்கத்துல முனிக்குச் சுருட்டு இருக்கும், சாராயம் இருக்கும், கிடா இருக்கும். பாவ் இருக்காது. இங்க மலேசியாவுலயும் வேற எந்த முனிக்கும் இருக்கான்னு எனக்குத் தெரியாது. எங்களுக்கே இந்த ஆடி மாசத்துலேர்ந்துதான்.

இது எப்படி வந்துச்சுன்னு கோயில்ல கேட்டீங்கன்னா ஆளுக்கொரு கதை சொல்வாங்க. தலைவர் அர்ச்சுனனக் கேட்டா முனியே உத்தரவு குடுத்தாருன்னுவாரு. பாவ் கடை செங் தவுக்கே, தவுக்கேன்னா முதலாளி, அவரு சீனாவுல ஆரம்பிப்பாரு, ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு முன்னால. ரெண்டையும் நம்பாதீங்க. நடந்தது எனக்குத்தான் தெரியும். கத்தி என் கையில இருந்துச்சு.

பஸ்ஸு ஆஸ்பத்திரி போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். சொல்றேன், கேளுங்க.

என் பேரு சன்னாசி. பொழப்புக்கு லோரி ஓட்டுனேன், அது பெருசில்ல, யாரு வேணா ஓட்டலாம். ஆடித் திருவிழாவுல கிடா வெட்டுறது நானு. முப்பத்தோரு வருசம். ஒரே வெட்டு. ரெண்டாவது வெட்டு விழுந்துச்சுன்னா சாமி ஏத்துக்கலைன்னு அர்த்தம், நேந்துக்கிட்ட குடும்பம் வாயில அடிச்சுக்கும். எனக்கு முன்னால வெட்டுனவரு எப்பவாச்சும் தவற விடுவாரு. நான் விட்டதில்ல. அந்த ஒரு நாள் மட்டும் தலைவரே என்னைப் பாத்துக் கும்புடுவாரு. மத்த நாள்ல கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டாரு, அது வேற விசயம்.

சும்மா போயி வெட்டிட முடியாது பாத்துக்குங்க. மொதல்ல கிடா மேல மஞ்சத்தண்ணி ஊத்தணும். அது ஒடம்பச் சிலிர்க்கணும். சிலிர்த்தாத்தான் முனி சரின்னு சொன்னாருன்னு அர்த்தம். சிலிர்க்கலைன்னா நாள் பூரா நின்னாலும் நிக்கணும். பெறகு ஒருத்தர் முன்னால நின்னு கயித்த இழுத்துப் பிடிக்கணும். கழுத்து நீளும். அப்பப் போடணும்.

போன வருசம் கயிறு பிடிச்சது என் மாப்பிள்ளை. அதோ, முன் சீட்டுல நீலச் சட்ட போட்டு உக்காந்திருக்காரே, அவருதான். குணசீலன். எனக்குத் தொணைக்கு வந்திருக்காரு. அவரு அதிகம் பேச மாட்டாரு.

அன்னிக்கு நடந்ததுக்கு மூணு காரணம். ஒன்னு, ஆடு. நிக்கத் தெரியாத ஆடு, எங்கேயோ பண்ணையில வாங்கிட்டு வந்தது. ரெண்டாவது, வெயிலு. பத்து மணி வெயிலு நேரா கண்ணுல அடிச்சுச்சு. எனக்கு ரெண்டு ஆடு தெரிஞ்சது. இருக்குறது ஒன்னுதான்னு எனக்குத் தெரியும், அதனால நடுவுல போட்டேன். மூணாவது, மாப்பிள்ளை. கயித்த நீளமா விட்டுப் பிடிக்கணும். அவரு கொம்பு கிட்டவே பிடிச்சிருந்தாரு. இதுல என் மேல தப்பு இருந்தாச் சொல்லுங்க.

மாப்பிள்ளைக்குக் கையில பட்டுடுச்சு. சின்னக் காயம். ஆறு நாளு ஆஸ்பத்திரியில வச்சுக்கிட்டாங்க, அவங்க எப்பவும் அப்படித்தான், ஒரு படுக்கை கிடைச்சா விடமாட்டாங்க. முன்னால மோட்டார் பட்டறையில வேலை செஞ்சாரு. இப்பக் காவல் வேலைக்கு மாறிட்டாரு. உக்காந்தே பாக்குற வேலை. ஒரு வகையில நல்லதாத்தான் போச்சு.

ஆனா எம் மக புனிதா எங்கூடப் பேச்ச நிப்பாட்டிட்டா. ஒரே பொண்ணு. ஒரே வீட்ல இருக்கோம். சோறு போடுவா, தட்ட வைப்பா, போயிடுவா. 'அப்பா'ங்கிற சொல்லு ஒரு வருசமா அவ வாயில வரல. நானும் கேக்கல. நாளானாச் சரியாப் போயிடும்னு விட்டுட்டேன். நாளாச்சு, சரியாப் போகல. பேசாத வீட்ல சோறு எறங்காது தங்கச்சி, அத மட்டும் சொல்லிடுறேன்.

இந்த வருசம் திருவிழாவுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது அர்ச்சுனன் வீட்டுக்கு வந்தாரு. மூணு தடவ வந்தாரு. மொத தடவ, அண்ணே வயசாச்சு, ஓய்வெடுங்கன்னாரு. ரெண்டாவது தடவ, ஒங்களுக்கு மாலை போட்டுச் சால்வை போத்தி மரியாதை பண்றோம்னாரு. மூணாவது தடவ தேத்தண்ணியக் குடிச்சிட்டு அழுவுற மாதிரி மூஞ்ச வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. மூணு தடவையும் நான் சொன்னது ஒன்னுதான். உசுரு இருக்குற வரைக்கும் கத்தி என் கையிலதான். கோயிலுக்கு வேற நல்ல ஆளு கிடைக்காம தவிக்கிறாங்கன்னு நெனச்சேன். நம்மள மாதிரி ஒருத்தன் லேசுல அமையமாட்டான்ல.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டாங்க. அர்ச்சுனன் ஒரு தாளை எடுத்து, நகராண்மைக் கழகத்துலேர்ந்து, அதான் உங்க ஊரு நகராட்சி, லெட்டர் வந்திருக்கு, இனிமே கோயில்ல ஆடு வெட்டக் கூடாதாம்னு படிச்சாரு. நான் வாங்கிப் பாத்தேன். கண்ணாடி வீட்ல இருந்துச்சு. எங்க வீட்டுத் தண்ணி பில்லு மாதிரியே இருந்துச்சு, ஆபீஸ் தாளுன்னா எல்லாம் ஒரே மாதிரிதானே. எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. கவலையாக்கும்னு நெனச்சேன்.

நான் விடல. மறுநாளே பஸ் ஏறி நகராண்மைக் கழகத்துக்குப் போயிட்டேன். அங்க ஒரு பொண்ணு கம்ப்யூட்டர்ல தேடுனுச்சு. உள்ள போயிக் கேட்டுட்டு வந்துச்சு. அப்படி ஒரு லெட்டர் நாங்க போடலையே அங்க்கிள்னு சொல்லிச்சு. பாருங்க, அவங்க போட்ட லெட்டர அவங்களே தொலைச்சுட்டாங்க. இந்த லட்சணத்துலதான் வேலை நடக்குது. ஆறு மைல் தள்ளி இன்னொரு கோயில்ல அதே ஆடியில பதினோரு கிடா வெட்டுனாங்க. சட்டத்த மதிக்காத ஆளுங்க. நாங்க அப்படி இல்ல.

அடுத்த கூட்டத்துல செங் தவுக்கே வந்தாரு. அவரு எங்க கோயில் ஆளுதான். லாட்டரி நம்பர் கேக்க வர ஆரம்பிச்சவரு, நம்பரு விழல, ஆனா வர்றத நிப்பாட்டல. முன்னால ரப்பர் தோட்டத்துல மளிகைக் கடை வச்சிருந்தவரு, நம்மளவிடச் சுத்தமாத் தமிழ் பேசுவாரு. எம் மக அவரு கடையிலதான் வேலை செய்றா, மாவு பிசையறதே அவதான். அன்னிக்கு அவளும் கூட வந்து கதவோரமா உக்காந்துக்கிட்டா. கோயில் கூட்டத்துக்கு அவ வந்து நான் பாத்ததே இல்ல. தவுக்கே தட்டு தூக்கிட்டு வரச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

தவுக்கே கதைய ஆரம்பிச்சாரு. சீனாவுல அந்தக் காலத்துல ஒரு மந்திரி இருந்தாராம். பெரிய மூளைக்காரரு. தெக்கால சண்டைக்குப் போயி ஜெயிச்சுட்டுப் படையோட திரும்பி வர்றாரு. நடுவுல ஒரு ஆறு. ஆறு விடமாட்டேங்குது. காத்து, சுழி, எறங்குன ஆள முழுங்குது. அந்த ஊருக்காரங்க சொன்னாங்களாம், இந்த ஆத்துக்கு நாப்பத்தொம்போது மனுசத் தலை குடுத்தாத்தான் வழி விடும்னு. மந்திரி யோசிச்சாரு. சண்டையில செத்தது போதும், இதுக்கு மேல ஒருத்தன் தலையும் போகக் கூடாதுன்னுட்டாரு. மாவு பிசைஞ்சு, உள்ள எறைச்சி வச்சு, தலை மாதிரி உருட்டி, ஆவியில வேக வச்சு ஆத்துல போட்டாராம். ஆறு அடங்கிடுச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. அதுதான் மொதப் பாவுன்னாரு.

எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. எனக்குச் சந்தேகம். கேட்டேன்.

"மாவுக்கும் தலைக்கும் ஆத்துக்கு வித்தியாசம் தெரியலையா தவுக்கே?"

"தெரிஞ்சிருக்கும் சன்னாசி," அப்படின்னாரு. "தெரிஞ்சுதான் வாங்கிக்கிச்சு."

இன்னொன்னும் கேட்டேன். அந்த மந்திரி படையில தலை வெட்டுறதுக்குன்னு ஒருத்தன் இருந்திருப்பான்ல, நாப்பத்தொம்போது தலை வெட்டக் கத்தியத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்ல, அவனுக்கு என்ன வேலை குடுத்தாங்கன்னு கேட்டேன். தவுக்கே கதவுப் பக்கம் பாத்தாரு. ஆயிரத்து எண்ணூறு வருசமாச் சொல்ற கதையில இத ஒருத்தரும் கேக்கல பாருங்க.

முடிவு என்னன்னா, மாவுல கிடா செஞ்சு அத வெட்டுறது. வெட்டப் போறது நானு. மாலை, மரியாதை, எல்லாம் அப்படியே. அர்ச்சுனன் எங்கிட்ட வந்து, அண்ணே ஒங்க எடத்துல கை வைக்க மாட்டோம்ணேன்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு. எனக்கு மனசு ஆறல. முப்பத்தோரு வருசம் கிடா வெட்டுனவன மாவு வெட்டச் சொல்றது, போலீஸ்காரன் கையில பொம்மைத் துப்பாக்கியக் குடுக்குற மாதிரி. ஆனா லெட்டர் வந்துடுச்சே, என்ன பண்றது.

மொதல்ல செஞ்சு கொண்டாந்த கிடா பன்னி மாதிரி இருந்துச்சு. தவுக்கே பழக்க தோசத்துல மூக்க உருண்டையா வச்சுட்டாரு. முனிக்குப் பன்னி ஆகாது. நான் திருப்பி அனுப்பிட்டேன். ரெண்டாவது தடவ கொம்பு வச்சாரு, தாடி வச்சாரு, கண்ணுக்குக் கருப்புக் காராமணி வச்சாரு. ஒரு கை நீளம் இருந்துச்சு. இப்ப ஆடுன்னா ஆடுதான்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு வெள்ளையா என்னமோ தெரிஞ்சது.

திருவிழா அன்னிக்குக் காலையில கோயிலு நெறைஞ்சுடுச்சு. தமிழரு, சீனரு எல்லாரும். பலகையில வாழை எலை போட்டு மாவுக்கிடாவ நிக்க வச்சாங்க. மாலை போட்டாங்க. அர்ச்சுனன் கத்தியக் குடுத்து, வெட்டுங்கண்ணேன்னாரு. எப்படி வெட்டுவேன்? உத்தரவு வேணாமா? மஞ்சத்தண்ணி ஊத்துங்கன்னேன். அண்ணே, மாவு ஊறிடும்ணேன்னாரு. ஊறட்டும், சிலிர்க்காம நான் கத்தி தூக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.

ஊத்துனாங்க. நின்னோம். ஒரு பாவு சிலிர்க்குதான்னு முந்நூறு பேரு கைய கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நின்னோம். ஒருத்தரும் சிரிக்கல. உறுமி அடிக்கிறவரு கைய மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்தாரு. அரை மணி நேரம் ஆச்சு. ஒரு காது நனைஞ்சு விழுந்துடுச்சு. அது கணக்கில்லன்னு சொன்னேன். அப்பத்தான் ஈப்போ ரயிலு வந்துச்சு. எங்க கோயிலு தண்டவாளத்த ஒட்டியே இருக்கு, ரயிலு போனா மணியெல்லாம் தானா ஆடும். பலகை அதிர்ந்துச்சு. கிடா தலையிலேர்ந்து வாலு வரைக்கும் சிலிர்த்துச்சு. கூட்டம் 'முனீஸ்வரா'ன்னு போட்ட சத்தம் ரயிலுச் சத்தத்தையே அமுக்கிடுச்சு. நான் திருப்தியா, சரி, யாரு கயிறு பிடிக்கிறதுன்னு கேட்டேன்.

உறுமி அடிச்சவரு குச்சியக் கீழ வச்சுட்டாரு தங்கச்சி.

மாவுக்கு எதுக்குண்ணே கயிறுன்னாரு அர்ச்சுனன். கழுத்த ஒருத்தர் பிடிக்காம வெட்டுனா அது பலி இல்ல, சமையலுன்னேன். யாராச்சும் வாங்கன்னு கூப்பிட்டேன். முந்நூறு பேரு. ஒருத்தரும் நகரல. எல்லாரும் அவங்கவங்க கால் வெரலப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அர்ச்சுனன் முனிக்குச் சுருட்டு பத்த வைக்கிற மாதிரித் திரும்பிக்கிட்டாரு. பத்த வச்ச சுருட்டு வாயிலயே இருக்கு, பெறகு எதுக்கு இன்னொன்னு? ஒரு பாவு, அதக் கையால தொட ஆளில்ல. பசிச்சா நாலு நாலா திங்கிறாங்க. எனக்குக் கோவம் வந்துடுச்சு. என்ன ஜனங்கடா இதுன்னு இருந்துச்சு.

அப்பக் கூட்டத்த வெலக்கிக்கிட்டு எம் மக வந்தா. புனிதா. பலகைக்கு முன்னால முட்டி போட்டு உக்காந்து, அந்தக் கிடாவோட கழுத்த வலது கையால பிடிச்சா. கெட்டியா, கொம்பு கிட்ட, அவ புருசன் பிடிச்ச மாதிரியே. தலை நிமிந்து என்னப் பாத்தா.

"வெட்டுங்கப்பா," அப்படின்னா. "நான் பிடிச்சிருக்கேன்."

ஒரு வருசம் கழிச்சு அந்தச் சொல்லு. நான் கத்தியத் தூக்குனேன். தூக்கிட்டுக் கீழ பாத்தேன். வெள்ளையா மாவு தெரிஞ்சது. வளையலு தெரிஞ்சது. ரெண்டு கை தெரிஞ்சது. அவ பிடிச்சது ஒரு கைதான்னு எனக்குத் தெரியும். எது அந்தக் கைன்னு தெரியல. நடுவுல போடலாம்னு நெனச்சேன் பாருங்க. போன வருசமும் அப்படித்தான் போட்டேன்.

அவ கைய எடுக்கல. கண்ணக்கூட மூடல.

நான் கத்திய எறக்கி வாழை எலை மேல வச்சேன். அத்தன பேரு முன்னால சொன்னேன். "எனக்குக் கண்ணு தெரியலம்மா. ரெண்டு வருசமாத் தெரியல."

அப்பத்தான் அவ அழுதா. புருசன் கையில ரத்தம் கொட்டுனப்ப அழாதவ, அந்த மாவுக்கிடா மேல மூஞ்ச வச்சுக்கிட்டு அழுதா. முடியெல்லாம் மாவு. நான் அவ தலையில கை வச்சேன். வேற என்ன செய்யிறதுன்னு தெரியல.

அர்ச்சுனன் நல்ல ஆளு, சமயோசிதம் உண்டு. ஒடனே மைக்க எடுத்து, முனி இனிமே கத்தி வேணாம்னு உத்தரவு குடுத்துட்டாருன்னு அறிவிச்சுட்டாரு. கூட்டம் மறுபடியும் 'முனீஸ்வரா'ன்னுச்சு. கிடாவக் கையாலயே பிச்சு எல்லாருக்கும் குடுத்தாங்க. பத்தல. அதுக்கப்புறம்தான் தவுக்கே சின்னச் சின்னதாக் கொம்பு வச்சு வெள்ளிக்கு வெள்ளி அனுப்ப ஆரம்பிச்சாரு. கதை அவ்வளவுதான். நகராண்மைக் கழகம் அந்த லெட்டர இன்னும் தேடுதான்னு அர்ச்சுனன்கிட்ட கேட்டேன். அத விடுங்கண்ணேன்னுட்டாரு.

இப்ப எம் மக பேசுறா. அதிகம் பேசுறான்னே சொல்லலாம். கண்ணு சொட்டு மருந்து, மாத்திரை, சக்கரை கொறைங்கன்னு ஓயாத பேச்சு. இன்னிக்கு அவளுக்கு லீவு கிடைக்கல, அதான் மாப்பிள்ளை வந்திருக்காரு.

போன வாரம் டாக்டரு பாத்துட்டு நாள் குடுத்தப்பவும் அவருதான் வந்தாரு. ஆபரேசனுக்குச் சம்மதம்னு வீட்டாளு ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம். மேசையில தாள வச்சுப் பேனாவக் குடுத்தாங்க. மாப்பிள்ளை வாங்குனாரு. எழுதுறது வலது கைதான் அவருக்கு. கட்ட வெரலும் சுண்டு வெரலும் பக்கத்து வெரலும் இருக்கு, நடுவுல ரெண்டு இல்ல. பேனா நிக்கல. கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தாரு. எடது கையால தாள அமுக்கிக்கிட்டு, இந்தக் கையால மறுபடியும் பிடிச்சாரு. நர்ஸம்மா, அங்க்கிள் போடட்டுமேன்னு என்னக் காட்டுச்சு. இல்ல, நான் போடுறேன், அவரு என் மாமான்னாரு. ஒவ்வொரு எழுத்தா, மெதுவா, மொதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் முழுப் பேரும் எழுதுனாரு. பின்னால வரிசையில நின்னவங்க முனக ஆரம்பிச்சுட்டாங்க.

நான் பக்கத்துலதான் நின்னேன் தங்கச்சி. எனக்கு எல்லாமே ரெண்டு ரெண்டாத்தான் தெரியும். அந்தக் கை மட்டும் ஒன்னாத் தெரிஞ்சது.